மெலிவாக்கம் எந்தப் பக்கம்?

1

போன செவ்வாய்க்கிழமை என் மகள் செல்வியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் வகுப்பு டீச்சர் கைப்பட எழுதிய நான்கு வரி. படித்துவிட்டு நான் சந்தோஷப்பட்டேன். அதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. ஆனாலும் ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இதில் ஆம்பூர் இருக்கிறது, மாதனூர் இருக்கிறது, எங்கேயுமே இல்லாத ஓர் ஊரும் இருக்கிறது.

கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்: சில வாரங்களாக வெள்ளிக்கிழமை மதியங்களில் செல்வி ஸ்கைவிங் செய்துவருகிறாள், இதுபற்றித் தங்களிடம் பேச வேண்டும், வியாழன் மாலை நான்கு மணிக்கு வர முடியுமா?

ஸ்கைவிங்! அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஷூ தைக்கும்போது தோலின் ஓரத்தை உள்ளே மடிக்க வேண்டும். தோல் தடியாக இருந்தால் மடித்த இடம் புடைத்துக்கொண்டு காலைக் கடிக்கும். அதனால் மடிப்பதற்கு முன்னால் அந்த ஓரத்தை உள்பக்கமாகக் கத்தியால் சீவி, நுனி காகிதம் மாதிரி ஆகும்வரை மெல்லிசாக்குவார்கள். அதற்குப் பெயர் ஸ்கைவிங். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்காக அந்த வேலைக்குப் பாடத்திட்டம் எழுதியவன் நான். இங்கிலாந்துக்கு வந்த பிறகும், நாட்டின் நடுவாந்திரத்தில் இருக்கிற ஒரு ஷூ ஊரில், ஆறு வருஷமாகத் தோல் ஓரம் சீவித்தான் சாப்பிடுகிறேன்.

என் மகளுக்குத் தோல் வாடையே ஆகாது. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். அப்படிப்பட்டவள் எனக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் தோல் சீவக் கற்றுக்கொள்கிறாளா? இது ஷூ ஊராயிற்றே, கைத்தொழில் வகுப்பு ஒன்று வைத்திருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவள் வந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னா செல்வி, வெள்ளிக்கிழமையில ஸ்கைவிங்காமே?"

அவள் முகம் செத்துப்போயிற்று. "யாரு சொன்னாங்க?"

"உங்க டீச்சர் லெட்டர் போட்டிருக்காங்க. எத்தினி நாளா நடக்குது?"

"கொஞ்ச நாளா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, கத்தி யாரு குடுத்தாங்க?"

"இன்னா கத்தி?"

"கத்தி இல்லாம எப்படிப் பண்றே? கைய கிழிச்சிக்கப் போற. கட்டைவிரல ஓரத்துல வெக்காத, தெரிதா?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அப்பா முன்னால் கூச்சம் என்று நினைத்தேன். என் மனைவி வசந்தா வேலூரில் படித்த நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால்தான் நாங்கள் வந்தோம். டியூட்டி முடிந்து வந்தவளிடம் கடிதத்தைக் காட்டினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"உங்களுக்கு எல்லாமே தோலாத்தான் தெரியுது. போய் டீச்சரையே கேளுங்க" என்றாள்.

பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் இப்படித்தான், பாராட்டுக்கும் கிண்டலுக்கும் வித்தியாசம் தெரியாமலே பாதி வயசு ஓட்டிவிட்டேன்.

2

அந்தக் கடிதம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னாலிருந்தே இன்னொரு விஷயம் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கேயும் சர்க்கார் ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றும் பிள்ளைகளைக் கம்பெனிகள் சேர்த்துக்கொண்டு தொழில் கற்றுத்தர வேண்டும். கற்றுத்தருவதற்கு முன்னால், என்ன கற்றுத்தருவோம் என்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஃபோர்மேன் பாரத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். நான் வேலைக்குச் சேரும்போது, இந்தியாவில் இப்படித் திட்டம் எழுதிப் பதிவு செய்தவன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். வினையை விலைக்கு வாங்கியது நான்தான்.

பாரத்தில் ஒரு வரியும் விளங்கவில்லை. பயிற்சி பெறுகிறவர் 'டெமான்ஸ்ட்ரேட்' செய்ய வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எங்கள் ஊரில் டெமான்ஸ்ட்ரேஷன் என்றால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொடி பிடித்துக் கோஷம் போடுவது. இந்தப் பிள்ளைகள் எதற்காகக் கோஷம் போட வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, செய்து காட்டுவதைச் சொல்கிறார்கள் என்று ஃபோர்மேன் சொன்னார். அதை அப்படியே எழுதித் தொலைத்தால் என்ன?

ஒரு வழியாக எழுதி முடித்தேன். 'ஸ்கைவிங், ஆறு வாரம், மேற்பார்வையாளர் முன்னிலையில்' என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டேன். பதிவும் ஆகிவிட்டது. கம்பெனி ஆட்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பேசப்போகிறார்கள் என்றார் ஃபோர்மேன். செல்வி பள்ளிக்கும் போவார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதெல்லாம் எழுதும்போது ஆம்பூர் ஞாபகம் வராமல் இருக்குமா? எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்று சர்க்கார் கறாராக இருந்த காலம். பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கத்திலேயே ஷெட் போட்டு ஷூ தைக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்படி ஒரு ஷெட்டில் நான் குமாஸ்தா. குடியாத்தத்து லுங்கித் தறிக் குடும்பத்தில் பிறந்து, பி.ஏ. படித்து, தறியை விட்டுத் தோலுக்கு வந்தவன். மேனேஜர் ரஷீத் பாய் ஒருநாள் கையில் பழுப்புக் கவரோடு என்னிடம் வந்தார்.

"தோ பாரு தம்பி, கவர்மென்ட்டு லெட்டர் வந்துகீது. அப்ரண்டிஸ் எடுக்கணுமாம். எடுத்தா டிரெயினிங் குடுக்கணுமாம். டிரெயினிங் குடுக்கறதுன்னா அத எழுதி ரிஜிஸ்டர் பண்ணணுமாம். பெரிய பேஜாரா போச்சு. நீ எழுதிடு."

"எனக்கு அந்த வேலையப் பத்தி ஒண்ணும் தெரியாதே பாய்."

"வேலை தெரிஞ்சவங்களுக்கு எழுதத் தெரியல. எழுதத் தெரிஞ்சவன் நீதான். இன்னா பண்ணச் சொல்ற?"

 நோட்டை எடுத்துக்கொண்டு பவுனம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

பவுனம்மா மாதனூர்க்காரி. கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து தோல் ஓரம் சீவுகிறாள், ஆனால் தினக்கூலிதான், பர்மனென்ட் இல்லை. அவள் சீவிய துண்டை வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் ஒருவன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டான். அப்படிப்பட்ட கை.

"இந்த வேலையக் கத்துக்க உனக்கு எத்தினி நாளாச்சு பவுனம்மா?"

"பதினோரு நாளு சார். பன்னண்டாவது நாளு எனுக்கு காய்ச்சலு, வர்ல."

சர்க்கார் விதிப்படி பயிற்சி ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. பதினோரு நாளை ஒரு வருஷமாக இழுக்க வேண்டும். முதல் மாதம் தோலை அடையாளம் காணுதல், இரண்டாம் மாதம் கத்தி தீட்டுதல் என்று நான் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சீவுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கத்தி தீட்டறதுக்கு ஒரு மாசமா? ஏன் சார், கத்தி தேஞ்சிப்பூடாதா?"

இருந்தாலும் நான் கேட்ட ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொன்னாள். கத்தியை எவ்வளவு சாய்க்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், எங்கே மூச்சைப் பிடிக்க வேண்டும். அவள் சொன்னதை வைத்துத்தான் பிற்பாடு என் கையும் அந்த வேலையைப் பழகிக்கொண்டது. ஓர் அட்டையில் ஏழு தோல் துண்டுகளை வரிசையாக ஒட்டிக் கொடுத்தாள். முதல் துண்டு சீவாதது, ஏழாவதில் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதே மாதிரி இரண்டு அட்டை செய்தாள். ஒன்று சர்க்காருக்குப் போயிற்று. மற்றது என்னோடு இங்கிலாந்துக்கு வந்துவிட்டது.

3

ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பிய திட்டம் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பயிற்சி பெறப்போகிறவர்கள் தமிழர்கள், ஆகவே திட்டம் தமிழிலும் வேண்டும். தொழிற்சொற்கள் தமிழாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். நியாயமான பேச்சுதான். இன்றுவரை அதில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் குழப்பமே.

கட்டிங் வெட்டுதல் ஆயிற்று. ஸ்டிச்சிங் தையல் ஆயிற்று. ஸ்கைவிங்கில் வந்து வண்டி நின்றுவிட்டது. எங்கள் ஷெட்டில் அதை ஸ்கைவிங் என்றுகூட யாரும் சொல்வதில்லை. கையால் செய்கிற வேலை அல்லவா, அதனால் எல்லார் வாயிலும் அது 'கைவிங்கு'. இன்னிக்குக் கைவிங்குல ஆளு கம்மி. கைவிங்கு ஜாஸ்தியா எடுத்துட்ட. மேஸ்திரியின் நோட்டிலும் கைவிங்குதான். அதை எழுதி மெட்ராசுக்கு அனுப்ப முடியுமா? 'சீவுதல்' என்று போட்டேன். ரஷீத் பாய் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சீவறதுன்னா இளநி சீவறது, பென்சில் சீவறது, தல சீவறது. ஆபீசரு நம்மள இளநிக் கடைன்னு நெனச்சிக்கப் போறாரு!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பி.ஏ. படித்தவன், ஒரு சொல் செய்ய முடியாதா? நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். அதில் கிடைக்கவில்லை. நானே கட்டினேன். விளிம்பு மெலிவாக்கம். மெலிவு, ஆக்கம், இரண்டையும் சேர்த்தால் மெலிவாக்கம். நடந்துவரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அசல் சர்க்கார் சொல் மாதிரியே கணீரென்று இருந்தது. 'சொல்லுக்கு ஆதாரம்' என்ற கட்டத்தில் 'அரசுக் கலைச்சொல் பட்டியல்' என்று எழுதினேன். அப்படி ஒரு பட்டியலை நான் கண்ணால் பார்த்ததில்லை. இருந்திருக்கலாம். அதில் மெலிவாக்கம் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

திட்டம் பதிவாகி எண் வந்தது. ரஷீத் பாய் ஷெட்டுக்கே பிரியாணி போட்டார். நான் செய்த சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை, பவுனம்மாவிடமும் சொல்லவில்லை. காகிதத்துச் சொல் காகிதத்திலேயே கிடக்கும் என்று இருந்துவிட்டேன்.

4

பதிவு ஆனதும் இன்னொரு விதி கிளம்பியது. அப்ரண்டிஸ்களுக்குக் கற்றுத்தருகிறவரிடம் சர்க்கார் சான்றிதழ் இருக்க வேண்டும். வேலை தெரிந்தவர்கள் நேராகத் தேர்வுக்கு உட்கார்ந்து அதை வாங்கலாம். ரஷீத் பாய் பவுனம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ பாஸ் பண்ணு போதும். அன்னிக்கே பர்மனென்ட். பசங்களுக்குக் கத்துக்குடுக்கறதும் நீதான்."

அவளுக்குக் கணவன் இல்லை. பர்மனென்ட் என்ற வார்த்தையை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தேர்வு அன்று மெட்ராசிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான், டீகூட வேண்டாம் என்றுவிட்டார். பவுனம்மா பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மதிப்பெண் எழுதிக்கொள்ள நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தேன். முதலில் செய்முறை. அதிகாரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பதற்குள் அவள் முடித்துவிட்டாள். அவர் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி தடவினார். முழு மதிப்பெண். அடுத்து வாய்மொழித் தேர்வு. இரண்டிலும் தேற வேண்டும். அவர் என் திட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"விளிம்பு மெலிவாக்கம் பத்தி உனக்குத் தெரிஞ்சதச் சொல்லும்மா."

பவுனம்மா என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"மெலிவாக்கமா சார்?"

"ஆமா, மெலிவாக்கம். சொல்லு."

"நான் அந்தப் பக்கம் போனதே இல்லீங்க சார். எங்க நாத்தனாரு மெட்ராசுல வில்லிவாக்கத்துல கீறாங்க. அதுக்குப் பக்கமா?"

வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"விளையாடுறியா? உன் தொழிலோட பேரும்மா இது. அஞ்சு வருஷமா செய்யறேங்கற, பேரு தெரியாதா?"

"பேரு தெரியும் சார். கைவிங்கு."

"அது இங்கிலீஷும் இல்ல, தமிழும் இல்ல. சர்க்கார் பட்டியல்ல இருக்கற சொல்லக் கேக்கறேன்."

அப்போது நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சார், அது பட்டியலில் இல்லை, நான் கட்டிய சொல், அவள் கேட்டதே இல்லை. அவ்வளவுதான். சொன்னால் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. ஆதாரம் என்று எழுதினாயே என்பார். பொய் என்று தெரிந்தால் பதிவை ரத்து செய்வார்கள், சேர்ந்த அப்ரண்டிஸ்கள் தெருவில் நிற்பார்கள், என் வேலையும் போகும். இதில் எது உண்மையான பயம், எது சாக்கு என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் மெலிவாக்கத்தைப் பற்றியே. மெலிவாக்கத்தின் கோணம் என்ன? மெலிவாக்கத்தில் வரும் குறைகள் யாவை? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக 'தேறவில்லை' என்று எழுதியது என் கைதான்.

மறுநாள் அவள் என் மேஜைக்கு வந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், நெஜமாவே அந்த ஊரு எங்க கீது?"

"அது ஊரு இல்லம்மா. நம்ம கைவிங்குதான். அதத்தான் அவரு அப்படிக் கேட்டாரு."

"கைவிங்கா!" என்று வாயில் கை வைத்தாள். "எனுக்குத் தெரிஞ்சததான் கேட்டாரா? அட கடவுளே! யாரு சார் அதுக்கு அப்பிடிப் பேரு வெச்சது?"

"கவர்மென்ட்டு" என்றேன்.

அவள் நம்பினாள். நான் சொல்லி அவள் எதை நம்பாமல் இருந்திருக்கிறாள்?

அடுத்த தேர்வுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை தாங்காது என்று சான்றிதழ் வைத்திருந்த ஒருவரை வெளியூரிலிருந்து வேலைக்கு எடுத்தார்கள். பாவம், மனிதருக்கு ஓரம் கிழியாமல் சீவ வரவில்லை. நீ கொஞ்சம் அவருக்குக் காட்டிக் கொடு என்று பவுனம்மாவிடம் கேட்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

"அவருக்கு மெலிவாக்கமே தெரியுமே சார், அவரு பாத்துக்குவாரு. எனுக்குக் கைவிங்குதான் தெரியும்" என்றாள். குரலில் கோபமே இல்லை.

கொஞ்ச நாளில் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மாதனூரில் வேறொரு கம்பெனியின் பஸ்ஸில் அவள் ஏறுவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கை ஆட்டினேன். அதுதான் கடைசி.

5

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்த ஏழு துண்டு அட்டையைக் கொண்டுபோனேன். டீச்சரிடம் காட்டினால் வகுப்புக்கு உதவும் என்று எண்ணம். கோட்டு போட்டு, டை கட்டி, செல்வியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். 

டீச்சர் வயதில் சின்னவர். செல்வி செய்வது உங்களுக்குத் தெரியுமா என்று ஜாக்கிரதையாகக் கேட்டார்.

தெரியும், மிகவும் பெருமைப்படுகிறேன் என்றேன். டீச்சர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நான் விடவில்லை. நானே எத்தனையோ வருஷமாக ஸ்கைவிங் செய்கிறேன், இந்தியாவில் பலருக்குக் கற்றுத்தரத் திட்டம் போட்டவன், சர்க்காரில் பதிவுகூட செய்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது செய்யட்டும் என்றேன். அட்டையை மேஜையில் வைத்தேன். "ஏழாவதைத் தொட்டுப் பாருங்கள்" என்றேன்.

டீச்சர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெதுவாக விளக்கினார். தோல் வேலையில் அதற்கு அப்படி அர்த்தம் உண்டுதான். ஆனால் இந்த நாட்டு வீடுகளிலும் தெருக்களிலும் ஸ்கைவிங் என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் நைசாக நழுவுவது. வகுப்புக்குக் கட் அடிப்பது.

எனக்கு நாற்காலி சுற்றியது. கம்பெனியில் யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால் 'ஸ்கைவிங்' என்பேன், ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள். நல்ல சிரித்த முகமுள்ள ஜனங்கள் என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதியிருக்கிறேன். ஆறு வருஷச் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து காதில் விழுந்தது. வசந்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. என் பிழைப்பின் பெயரே எனக்குத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் அதைப் பற்றி என்னை விட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை, ஆனாலும் கேட்ட கேள்விக்கு நான்தான் தப்பாகப் பதில் சொன்னேன். இதை நான் முன்னாலேயே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பொங்கல் புடவை ஞாபகம் வந்தது.

டீச்சர் செல்விக்கு ஒரு வாரம் தண்டனை கொடுத்தார். கிளம்பும்போது அட்டையைக் கையில் எடுத்து ஏழாவது துண்டைத் தடவினார். யார் செய்தது என்று கேட்டார். பவுனம்மா என்றேன்.

6

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கத்தி யாரு குடுத்தாங்கன்னு நான் பைத்தியக்காரன் மாதிரி கேக்கறேன், நீயும் சரிப்பா சரிப்பாங்கற! அர்த்தம் அதில்லப்பான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"நீ எவ்ளோ சந்தோஷமா இருந்த தெரியுமா? எப்படிப்பா சொல்றது?"

"எதுக்குக் கிளாஸுக்குப் போவல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை அது வேலைக்குப் போறதப் பத்தின கிளாஸ்ப்பா. உங்க ஃபேக்டரிக்காரங்க வந்தாங்க. நீ எழுதின பேப்பர எல்லார் கையிலயும் குடுத்தாங்க. ஸ்கைவிங், ஆறு வாரம், சூப்பர்வைசர் முன்னாடின்னு இருக்குது. மொத்தக் கிளாஸும் டெஸ்க்க தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. கீழ உன் பேரு. என் பேருக்குப் பின்னாடி இருக்கற அதே பேரு. அப்புறம் எப்படிப் போறது?"

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆம்பூரில் யாருக்கும் புரியாத சொல்லை எழுதி ஒருத்தியை வேலையை விட்டே அனுப்பிவிட்டேன், இங்கே எல்லாருக்கும் புரிந்த சொல்லை எழுதி என் மகளை விரட்டியிருக்கிறேன். எந்தச் சொல்லைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்?  மடியில் இருந்த அட்டையைக் காட்டி, இது யார் செய்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். இதுவரை வசந்தாவிடம்கூட சொல்லாத கதை. பதினோரு நாள், கைவிங்கு, நூலகம், ஜீப்பு, பொங்கல் புடவை எல்லாம் சொன்னேன். மெலிவாக்கம் எந்தப் பக்கம் என்று பவுனம்மா கேட்ட இடத்தில் செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். வில்லிவாக்கம் அவளுக்கும் தெரியும், அவள் சின்னம்மா அங்கேதான் இருக்கிறாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"நீ உடனே சொல்லிட்ட இல்ல? அது நான் எழுதினதுன்னு?"

"இல்ல."

"அன்னிக்கு இல்லன்னா அடுத்த நாளு? அவங்க கேட்டாங்களே."

"கவர்மென்ட்டு வெச்ச பேருன்னு சொன்னேன்."

அவள் அட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொன்ன மாதிரித் தெரியவில்லை, ஒரு வார்த்தையின் அர்த்தத்தைச் சரிபார்க்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அப்போ அன்னிக்கு ஸ்கைவ் பண்ணது நீதாம்பா."

எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கி நடந்தோம். ஆம்பூர் அர்த்தத்தில் நான் அதில் பவுனம்மாவின் பக்கத்தில் நிற்க முடியாதவன். இங்கிலாந்து அர்த்தத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

பவுனம்மாவின் விலாசம் என்னிடம் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது மாதனூர்ப் பக்கம் இருந்தால், காலையில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் பவுனம்மா என்று விசாரியுங்கள். அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள், இந்தப் பக்கங்களை அவள் கையிலேயே கொடுங்கள். நேரம் இல்லை என்றால் வாயால் சொன்னாலும் போதும். மெலிவாக்கம் எந்தப் பக்கமும் இல்லை பவுனம்மா. அந்தப் பெயரை வைத்தது கவர்மென்ட் இல்லை, நான்தான்.